அத்தியாயம் 6: எதிரெதிராகச் சுழலும் இரண்டு தட்டுகள்

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது விம்ஸ்ஹர்ஸ்ட் எந்திரம். 30 செ.மீ. விட்டமுள்ள இரண்டு அக்ரிலிக் தட்டுகள், அவற்றின் மேல் ஒட்டிய அலுமினிய இதழ்கள், ஒரு கைப்பிடி, இரண்டு பெல்ட், சில உலோகக் கம்பிகள். காந்தம் வேண்டாம், கம்பிச்சுருள் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு உலோகக் குமிழ்களுக்கு நடுவே ஐந்து செ.மீ. நீளத்துக்குப் படீரென்று பொறி பறக்கும்.

இது வீட்டு விளக்கை எரிக்கும் மின்னாக்கி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தம் அறுபதாயிரம் வோல்ட் வரை ஏறினாலும், வெளியே வரும் மின்னோட்டம் நாலைந்து மைக்ரோ ஆம்பியர்தான். இரண்டையும் பெருக்கினால் கால் வாட். கைபேசிக்கு மின்னேற்றம் செய்ய இது உதவாது. நிலைமின்னியல் பாடத்தில் படித்த தூண்டல், மின்தேக்கி, கூர்முனைச் செயல்பாடு ஆகிய மூன்றையும் கண்ணாலும் காதாலும் மூக்காலும் அறியவைக்கும் கருவி இது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு விடுமுறைக்குள் செய்து முடிக்கக்கூடியவற்றில் இதற்கு ஈடான இன்னொன்றை நான் அறியேன்.

ஒரு செய்தியை மட்டும் தொடக்கத்திலிருந்து இறுதிவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டத்தை இந்த எந்திரம் தானாகவே பெருக்கிக்கொள்ளும். பெருகியது கசிந்து போகாமல் காப்பது செய்பவரின் பொறுப்பு. ஓடாத எந்திரங்களில் பெரும்பாலானவை கசிவால்தான் ஓடுவதில்லை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் இது இன்னும் உண்மை.

எப்படி வேலை செய்கிறது

இதற்கு முந்தைய எந்திரங்கள் உரசலை நம்பியிருந்தன. ஹார்லெம் நகரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்காக 1784-இல் செய்யப்பட்ட மார்ட்டினஸ் வான் மாரும் எந்திரத்தில் 1.65 மீட்டர் விட்டமுள்ள இரண்டு கண்ணாடித் தட்டுகள் திண்டுகளில் உரசியபடி சுழன்றன. உழைப்பில் பெரும்பகுதி வெப்பமாகவே போனது. 1865-இல் ஜெர்மானியர்களான ஹோல்ட்ஸும் டோப்ளரும் உரசலை விட்டுவிட்டுத் தூண்டலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வழியை எளிமையாக்கி, யாரும் செய்துகொள்ளக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் விம்ஸ்ஹர்ஸ்ட். பிரிட்டிஷ் வணிக வாரியத்தில் கப்பல் ஆய்வாளராக இருந்த அவர், 1880-களின் தொடக்கத்தில் தம் வீட்டுப் பட்டறையில் இதை உருவாக்கினார். காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பிறகு, மின்கம்பி எட்டாத இடங்களில் எக்ஸ் கதிர்க் குழாய்களுக்கு மின்னழுத்தம் தந்தவற்றில் விம்ஸ்ஹர்ஸ்ட் எந்திரங்களும் உண்டு.

இரண்டு தட்டுகளும் ஒரே அச்சில், சில மி.மீ. இடைவெளியில், எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒவ்வொரு தட்டின் வெளிமுகத்திலும் இதழ்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒரு நடுநிலைக் கம்பி குறுக்காக நிற்கும்; அதன் இரு முனைகளிலும் மெல்லிய தூரிகைகள் இருக்கும். எதிரெதிரே உள்ள இரு இதழ்களை ஒரு கணம் அது இணைத்துவிட்டு விட்டுவிடும்.

பின் தட்டின் ஓர் இதழில் தற்செயலாகத் துளி நேர்மின்னூட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றில் ஓர் உரசலே அதற்குப் போதும். அந்த இதழ் முன் தட்டின் தூரிகையைக் கடக்கும் கணத்தில், தூரிகை தொட்டுக்கொண்டிருக்கும் முன் இதழுக்கு எதிர்மின்னூட்டத்தை இழுக்கிறது. அது நடுநிலைக் கம்பியின் மறுமுனையிலுள்ள இதழிலிருந்து வருகிறது. ஆகவே மறுமுனை இதழில் நேர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. தூரிகை விலகியதும் இரண்டு இதழ்களும் அந்த மின்னூட்டத்தோடே பயணம் போகின்றன. போகும் வழியில் பின் தட்டின் தூரிகை இருக்கும் இடத்தை அடைகின்றன. அங்கே இதே வேலையைப் பின் தட்டின் இதழ்களுக்குச் செய்கின்றன. இப்படி ஒன்று மற்றொன்றைத் தூண்ட, ஒவ்வொரு சுற்றிலும் மின்னூட்டம் மடங்கு மடங்காகப் பெருகும். தட்டின் பரப்பில் காற்று முறிவடையும் அளவை எட்டும்போதுதான் பெருக்கம் நிற்கும்.

இடத்திலும் வலத்திலும் சீப்புகள் உள்ளன. கூர்முனைகள் கொண்ட அந்தச் சீப்புகள் இரு தட்டுகளையும் தொடாமல் கவ்வியபடி நின்று, வந்து சேரும் மின்னூட்டத்தைக் கவர்ந்து, மின்தேக்கிகளான லெய்டன் ஜாடிகளுக்கு அனுப்புகின்றன. சீப்புகள் இல்லாவிட்டாலும் தட்டுகள் தாமாகவே மின்னேறும். குறை தேடும்போது இந்த உண்மை மிகவும் கைகொடுக்கும்.

தட்டும் இதழும்

3 மி.மீ. கனமுள்ள நிறமற்ற அக்ரிலிக் ஷீட்டைப் பெயர்ப் பலகை செய்யும் கடையில் கொடுத்தால் லேசரில் வட்டமாக வெட்டித் தருவார்கள். நடுத்துளையையும் அதே ஓட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கையால் துளைத்தால் மையம் நழுவும், தட்டு ஆடும். கறுப்பு ஷீட் வேண்டாம். கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள் சேர்த்திருந்தால் கசிவுக்கு வழி ஏற்படும். கண்ணாடித் தட்டு அழகாக இருக்கும். ஆனால் கண்ணாடியின் பரப்பு ஈரத்தைப் படரவிட்டுக்கொள்ளும். அந்தக் காலத்தில் அதற்காகவே அரக்கு பூசினார்கள். நமக்கு அக்ரிலிக் போதும்.

இதழ்களுக்கு ஏசி வேலைக்குப் பயன்படும் அலுமினிய ஒட்டு டேப் சிறந்தது. தட்டுக்கு 24 இதழ்கள். மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் தொடங்கி 13 செ.மீ. வரை நீள வேண்டும். உள் முனையில் 11 மி.மீ., வெளி முனையில் 18 மி.மீ. அகலம். நான்கு மூலைகளையும் வளைத்து வெட்டுங்கள். கூரான மூலை ஒன்று இருந்தாலும் மின்னூட்டம் அங்கிருந்து காற்றுக்குள் ஒழுகும். ஒட்டிய பிறகு ஓரங்களைக் கரண்டியின் முதுகால் நன்றாகத் தேய்த்து அமுக்குங்கள்.

இதழ்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் ஒரு தூரிகை இதழைத் தொடும்போது மறு தூரிகை வெற்றிடத்தில் நிற்கும். மின்னூட்டம் இடம்மாற வழி இருக்காது. 24 என்றால் 15 பாகைக்கு ஒன்று. அச்சிட்ட வட்ட வரைபடத்தைத் தட்டுக்கு அடியில் வைத்து ஒட்டினால் ஒழுங்காக வரும். இதழ்களை நெருக்கினால் எந்திரம் சுலபமாகக் கிளம்பும், ஆனால் பக்கத்துப் பக்கத்து இதழ்களுக்குள்ளேயே பொறி தாவி மின்னழுத்தம் உயராமல் நின்றுவிடும். குறைத்தால் பொறி நீளும், கிளம்புவதற்கு அடம்பிடிக்கும். இந்த அளவுத் தட்டுக்கு 24 நல்ல நடுவழி.

வண்டிச் சக்கரத்துக்கு இருப்பதுபோல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குடம் வேண்டும். கடைசல் பட்டறையில் நைலான் ராடைக் கொடுத்து, 8 செ.மீ. விட்டமுள்ள விளிம்பும், பெல்ட் ஓட 4 செ.மீ. விட்டத்தில் ஒரு பள்ளமும், உள்ளே 608 பேரிங் இரண்டு உட்காரும் துளையும் கடைந்து தரச் சொல்லுங்கள். 608 பேரிங்கின் உள்விட்டம் 8 மி.மீ.; ஆகவே அச்சாக 8 மி.மீ. எஃகுக் கம்பி போதும். அச்சு சுழலாது, குடங்கள் மட்டுமே சுழலும். தட்டுகளுக்கு இடையே 4 மி.மீ. இடைவெளி வரும்படி நடுவில் வாஷர் போடுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. மின்னேறிய தட்டுகள் மேலும் கீழும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று இழுக்கும். ஆட்டமுள்ள தட்டு, நிற்கும்போது உரசாவிட்டாலும் மின்னேறியதும் உரசும்.

கீழே கைப்பிடி அச்சில் 10 செ.மீ. கப்பி இரண்டு. ஒரு பெல்ட் நேராக, மற்றது எட்டு வடிவில் குறுக்காக. தையல் மிஷின் பெல்ட் எந்த ஊரிலும் கிடைக்கும், வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கொக்கி போட்டுக்கொள்ளலாம். கையால் நொடிக்கு ஒன்றரைச் சுற்றுச் சுற்றினால் தட்டுகள் நொடிக்கு நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும், அது தாராளம்.

நடுநிலைக் கம்பியின் சாய்வு

இந்த எந்திரத்தில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

எந்திரத்துக்கு முன்னால் நில்லுங்கள். முன் தட்டு கடிகாரத் திசையில் சுழல்கிறது என்றால், முன் நடுநிலைக் கம்பியின் மேல்முனை உங்களுக்கு இடப்பக்கமாகவும் கீழ்முனை வலப்பக்கமாகவும் 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். பின் கம்பி, முன்னாலிருந்து பார்க்கும்போது, அதற்குக் குறுக்காக, மேல்முனை வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

இடம் வலம் மறந்துபோனாலும் இந்த விதியை மறக்காதீர்கள்: ஓர் இதழ் சீப்பைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்திலேயே தன் தூரிகையைச் சந்திக்க வேண்டும், சந்தித்த பிறகு நீண்ட தூரம் போய்த்தான் அடுத்த சீப்பை அடைய வேண்டும். அந்த நீண்ட பயணத்தின்போதுதான் அது எதிர்த் தட்டின் இதழ்களைத் தூண்டுகிறது. வரிசை தலைகீழாக இருந்தால் எதுவும் பெருகாது. இதே காரணத்தால் கைப்பிடியை மறுதிசையில் சுற்றினாலும் எந்திரம் ஓடாது. இருக்கும் மின்னூட்டமும் தீர்ந்துபோகும்.

கம்பிகள் 4 அல்லது 5 மி.மீ. பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். நடுவில் அச்சோடு பொருத்தி, திருப்பிவைக்க வசதியாக ஒரு திருகு கொடுங்கள். தட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி நிற்கட்டும். தூரிகைக்கு நெகிழ்வான மின்கம்பியின் மெல்லிய செம்பு இழைகள் பத்துப் பதினைந்து போதும். வெள்ளி பூசிய உண்மையான சரிகை நூல் கிடைத்தால் இன்னும் நல்லது. மிருதுவானது, இதழைக் கீறாது. பாலியெஸ்டர் சரிகையும் பளபளக்கும், ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதாக நம்ப முடியாது. மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மல்டிமீட்டருக்கு இந்தக் கருவியில் வேலை இதோடு முடிந்தது. ஓடும் எந்திரத்தில் அதைத் தொடுத்தால் மீட்டர் வீணாகும்.

சீப்பு, ஜாடி, குமிழ்

சீப்பு இரண்டு தட்டுகளையும் கவ்வும் யு வடிவக் கம்பி. உள்பக்கத்தில் குண்டூசிகளை ஈயப்பற்று வைத்து, முனைகள் தட்டிலிருந்து 4 மி.மீ. தள்ளி நிற்கும்படி அமையுங்கள். எந்திரம் முழுவதிலும் கூராக இருக்கவேண்டியது இந்த முனைகள் மட்டும்தான். மற்ற எல்லாமே உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும்: கம்பி முனைகள், திருகுத் தலைகள், ஈயப்பற்றுக் கட்டிகள், எல்லாம். சீப்பைத் தாங்கும் தூண்களை அக்ரிலிக் ராடிலோ பிவிசி குழாயிலோ செய்யுங்கள். அடிப்பலகை மரமாக இருக்கலாம். தூண் மரமாக இருக்கக் கூடாது.

குமிழ்களுக்கு ஜன்னல் திரைக் கம்பியின் முனையில் பொருத்தும் உருண்டைகள் மிகப் பொருத்தம். 2 முதல் 3 செ.மீ. விட்டமுள்ளவை போதும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்க, பிடிப்பதற்கு நீண்ட பிளாஸ்டிக் கைப்பிடியோடு அமையுங்கள்.

லெய்டன் ஜாடிக்குக் கண்ணாடி டம்ளரைவிடப் பிவிசி குழாயை நான் விரும்புகிறேன். 50 மி.மீ. குழாய், சுவர் 3 மி.மீ. கனம், 20 செ.மீ. நீளம், அடியில் மூடி. அடிப்பக்கம் 8 செ.மீ. உயரத்துக்கு உள்ளும் வெளியும் அலுமினியத் தாள். மேலே 10 செ.மீ.க்குக் குறையாமல் வெறுமையாக விடுங்கள். அந்த இடைவெளி குறைந்தால் பொறி குழாயின் விளிம்பைத் தாண்டி உள்ளிருந்து வெளியே பாயும். இப்படிச் செய்த ஜாடியின் மின்தேக்குதிறன் ஏறத்தாழ 100 பிகோஃபாரட். இரண்டு ஜாடிகளின் வெளித்தாள்களையும் ஒரு கம்பியால் இணைத்தால் அவை தொடரிணைப்பில் 50 பிகோஃபாரட்டாக வேலை செய்யும். அறுபதாயிரம் வோல்ட்டில் அதில் தேங்கும் ஆற்றல் ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எந்திரம் நாலு மைக்ரோ ஆம்பியர் கொடுத்தால் நொடிக்கு ஒரு பொறிக்கு மேல் கிடைக்கும்.

அந்த ஆற்றல் உடம்பில் பாய்ந்தால் கை உதறும், வலிக்கும். பொறி இன்னும் பெரிதாக வேண்டும் என்று ஜாடிகளைக் கூட்டவோ பெரிதாக்கவோ வேண்டாம். பத்து ஜூல் அளவுக்கு ஆற்றல் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இந்த எந்திரம் ஓடும் அறையில் இருக்கக் கூடாது. பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் அருகில் வேண்டாம். கைபேசியையும் மடிக்கணினியையும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். நிறுத்திய பிறகு, பிளாஸ்டிக் பிடியுள்ள கம்பியால் இரு குமிழ்களையும் இணைத்து மின்னிறக்குங்கள். அரை நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஜாடியின் சுவருக்குள் ஊறிய மின்னூட்டம் மெல்ல வெளியே வந்து குமிழ்களில் மறுபடி சேரும். எடுத்துவைக்கும்போது குமிழ்கள் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கட்டும்.

ஓடவில்லை என்றால்

முதல் முறையே ஓடிவிடும் எந்திரங்கள் உண்டு. பெரும்பாலானவை அப்படி ஓடுவதில்லை. அப்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றத் தொடங்காமல், எந்திரத்தை இரண்டாகப் பிரித்துச் சோதியுங்கள்.

சீப்புகளையும் ஜாடிகளையும் முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். தட்டுகளும் நடுநிலைக் கம்பிகளும் மட்டும் இருக்கட்டும். இப்போது சுற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சில சுற்றுகளிலேயே மெல்லிய சீறல் கேட்கும், தட்டுக்கு அருகே கொண்டுபோன புறங்கையின் முடி சிலிர்க்கும், கைப்பிடி கனக்கும். அந்தக் கனம் நல்ல அறிகுறி. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்க, அவற்றைப் பிரித்துக்கொண்டு போவதற்கு உங்கள் கை செய்யும் வேலை அது. வெளியே வரும் மின்னாற்றல் முழுவதும் அந்த வேலையிலிருந்துதான் வருகிறது.

இந்நிலையில் ஓடி, சீப்பைப் பொருத்தியதும் ஓடவில்லை என்றால் குறை தட்டில் இல்லை. தூண், சீப்பு, ஜாடி இவற்றில் ஒன்றில் இருக்கிறது. இந்நிலையிலும் ஓடவில்லை என்றால் தூணையும் ஜாடியையும் மறந்துவிட்டுத் தட்டைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலைக் குறைக்கும்.

தட்டில் குறை என்றால் முதலில் சாய்வையும் திசையையும் மேலே சொன்ன விதிப்படி பாருங்கள். அடுத்து, தட்டைக் கையால் மெல்ல நகர்த்தி, ஒரு கம்பியின் இரு தூரிகைகளும் ஒரே கணத்தில் இதழ்களைத் தொடுகின்றனவா என்று கவனியுங்கள். கம்பி மையத்திலிருந்து சற்று விலகியிருந்தாலும் ஒன்று தொடும், மற்றது தொடாது. தொடுகை சரியென்றால், ஒரு தூண்டுகோல் கொடுத்துப் பாருங்கள். உலர்ந்த பிவிசி குழாயைக் கம்பளித் துணியால் தேய்த்து, பின் கம்பியின் ஒரு தூரிகை இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே, முன் தட்டின் முகத்தருகே பிடித்தபடி சுற்றச் சொல்லுங்கள். இதனால் கிளம்பி, குழாயை எடுத்த பிறகும் ஓடினால், எந்திரம் சரியாகவே இருக்கிறது. தொடக்க மின்னூட்டம்தான் போதவில்லை. தூரிகையைச் சற்று அழுத்தமாக்கினால் பெரும்பாலும் தானாகவே கிளம்பும். குழாயை எடுத்ததும் அடங்கிப்போனால், பெருகுவதைவிடக் கசிவது வேகமாக நடக்கிறது என்று பொருள்.

கசிவைத் தேட ஒரு சிறு மின்காட்டி செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் புட்டியின் மூடியில் ஒரு கம்பியைச் செருகி, உள்முனையில் மெல்லிய அலுமினியத் தாளில் இரண்டு கீற்றுகளைத் தொங்கவிட்டால் போதும். தேய்த்த குழாயால் அதற்கு மின்னேற்றினால் கீற்றுகள் விரியும். இப்போது சந்தேகப்படும் பொருளின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மறுமுனையால் மின்காட்டியின் கம்பியைத் தொடுங்கள். கீற்றுகள் விரிந்தே இருந்தால் அந்தப் பொருள் நல்ல மின்காப்பு. சரிந்தால் அது கசிகிறது. மரத் துண்டு, பெல்ட், குழாய், மீந்த அக்ரிலிக் துண்டு எல்லாவற்றையும் இப்படிச் சோதியுங்கள். காய்ந்ததாகத் தோன்றும் மரம் கீற்றுகளை எவ்வளவு விரைவாகச் சரிய விடுகிறது என்று பார்த்தால், தூணுக்கு மரம் வேண்டாம் என்று நான் ஏன் சொன்னேன் என்பது விளங்கும். மரம்தான் கையில் இருக்கிறது என்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்து, தச்சர்களின் அரக்குப் பாலிஷை இரண்டு மூன்று பூச்சுப் பூசுங்கள்.

ஈரமும் விரல்ரேகையும்

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்லவேண்டிய செய்தி. ஈரக் காற்று மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சிக்கல் காற்றில் இல்லை, பரப்பில் இருக்கிறது. ஈரம் மிகுந்த நாளில் எந்தத் திடப்பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் படியும். அதில் விரலின் வியர்வை உப்போ தூசியோ கலந்தால் அது கடத்தும் பாதையாகிவிடும். தட்டை விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

சுத்தம் செய்ய ஸ்பிரிட்டை நாடாதீர்கள். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் விளிம்பில் வெப்பத்தால் உண்டான இறுக்கம் இருக்கும். ஆல்கஹால் பட்டால் அங்கே நுண்ணிய வெடிப்புகள் படரும். மிருதுவான சோப்பு நீரில் துடைத்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் அலசி, உலரவிடுங்கள். குழாய் நீரில் அலசினால் அதன் உப்பு தட்டிலேயே தங்கும்.

ஓட்டும் முன் முடி உலர்த்தியால் தட்டு, தூண், ஜாடியின் மேற்பகுதி எல்லாவற்றிலும் மிதமான சூடு காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் அக்ரிலிக் வளைந்துவிடும். ஏசி அறையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அங்கேயே சோதிப்பது இன்னும் எளிது; ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஏசி அறையில் ஓடி, கூடத்தில் ஓடாத எந்திரத்தில் கட்டமைப்புக் குறை எதுவும் இல்லை. பரப்பைச் சுத்தம் செய்தால் போதும்.

ஓடுகிறது, ஆனால் பொறி நீளவில்லை

இதற்கு இருட்டறை வேண்டும். விளக்குகளை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, குமிழ்களை விலக்கி வைத்துச் சுற்றுங்கள். கசியும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் ஒளிரும். சீப்பின் முனைகளிலும் தூரிகைகளிலும் ஒளி இருப்பது இயல்பு. வேறெங்கே தெரிந்தாலும் அங்கே ஒரு கூர்முனை இருக்கிறது: திருகின் தலை, கம்பியின் வெட்டு, குமிழின் கீறல், தாளின் கிழிந்த ஓரம். அரம் போட்டுத் தேய்த்தோ, ஒரு சிறு உருண்டையைப் பொருத்தியோ சரிசெய்யுங்கள். ஓசோன் வாடை தூக்கலாக அடித்தால் கசிவு பெரிது. ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

சீப்பிலிருந்து நடுநிலைக் கம்பிக்குப் பொறி தாவினால் கம்பி சீப்புக்கு மிக அருகில் சாய்ந்திருக்கிறது. செங்குத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அளவு மீறித் திருப்பினால் தட்டுகள் ஒன்றையொன்று தூண்டும் பகுதி சுருங்கி எந்திரம் கிளம்பாமல் போகும். இதழுக்கு இதழ் பொறி தாவினால் இடையிலுள்ள அக்ரிலிக்கைப் பாருங்கள். சில மாதங்கள் ஓடிய தட்டில் தூரிகை அலுமினியத்தைத் தேய்த்து எடுத்த கருந்தூள் வட்டமாகப் படிந்திருக்கும். அது உலோகத் தூள். இதழ்களை எல்லாம் இணைத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

பொறி நீளமாக ஆனால் மெலிந்து, சத்தமில்லாமல் ஊதா இழைபோல் வந்தால் ஜாடிகள் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் வெளித்தாள்களை இணைக்கும் கம்பி விட்டிருக்கும். ஒரு ஜாடி பழுதானால் மின்னழுத்தம் ஓர் அளவுக்குமேல் ஏறாமல், ஜாடிக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒலி வரும். தாளை உரித்துப் பார்த்தால் குழாய்ச் சுவரில் ஊசி முனையளவு கரிந்த துளை தெரியும். அதை அடைக்க முயலாமல் புதுக் குழாய் போடுங்கள்.

பொறியின் நீளத்தைக் கொண்டு மின்னழுத்தத்தைக் கணக்கிடும்போது கவனம் வேண்டும். காற்று செ.மீ.க்கு 30,000 வோல்ட்டில் முறியும் என்பது சீரான மின்புலத்துக்கான கணக்கு. சிறு குமிழ்களுக்கு நடுவே புலம் சீராக இருப்பதில்லை; 5 செ.மீ. பொறியை ஒன்றரை லட்சம் வோல்ட் என்று சொன்னால் அது மிகை. பாதியை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும்.

எந்தக் குமிழ் நேர், எது எதிர் என்பது எந்திரம் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும், அது குறையல்ல. இருட்டில் ஒளியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். விசிறிபோல் விரியும் ஒளி நேர் முனையிலிருந்து வருவது. புள்ளி புள்ளியாக நின்று ஒளிர்வது எதிர் முனை. சீப்பில் பார்க்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: தட்டிலுள்ள நேர்மின்னூட்டத்தைக் கவரும் சீப்பு, தட்டை நோக்கி எதிர்மின்னூட்டத்தைத்தான் உமிழும். ஆகவே புள்ளிகள் தெரியும் சீப்போடு இணைந்த குமிழே நேர்க்குமிழ்.

ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும் என்பதால், ரப்பர் பெல்ட் போட்டிருந்தால் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று அவ்வப்போது வளைத்துப் பாருங்கள். ஓட்டாத நாட்களில் பெல்ட்டைக் கழற்றி, எந்திரத்தின் மேல் சுத்தமான பருத்தித் துணி போர்த்தி, சமையலறைக்கு எட்டத்தில் வையுங்கள். தாளிப்பின் எண்ணெய்ப் புகை தட்டில் படிந்தால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அதைப் போக்க தட்டுகளைக் கழற்றிக் கழுவ வேண்டிவரும்.